குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியோர் பிரிவுக்கு: ஹீமோஃபிலியா உள்ள பிள்ளைகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை

கடுமையான ஹீமோஃபிலியாவுடன் பிறந்த ஆண் குழந்தை வளர்ந்து, படித்து, வேலைக்குச் சென்று, குடும்பம் நடத்துவது இன்று எதிர்பார்க்கக்கூடிய ஒன்று. இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு நிலைமை அவ்வாறு இல்லை. அக்காலத்தில் அத்தகைய பிள்ளைகள் பலர் இளமையைத் தாண்டவில்லை. 1960களின் நடுவில் ஜூடித் பூல் என்னும் அமெரிக்க அறிவியலாளர், உறைந்த பிளாஸ்மாவை மெல்ல உருக வைத்து அதிலிருந்து எட்டாம் உறைகாரணி செறிந்த பகுதியைப் பிரிக்கும் முறையைக் கண்டறிந்தார். நம் மக்கள் ‘கிரையோ’ என்று அறிந்திருப்பது அதுவே. அதன் பின்னர் செறிவூட்டிய உறைகாரணி மருந்துகள் வந்தன. குடும்பங்கள் அதனை ‘ஃபாக்டர் ஊசி’ என்கின்றன. இவற்றின் பயனாகவே ஹீமோஃபிலியா, குழந்தைப் பருவத்தோடு முடியும் துயரம் என்ற நிலை மாறி, வாழ்நாள் முழுவதும் உடன்வரும் நோயாயிற்று.

வாழ்நாள் நீண்டதால் ஒரு புதிய வினாவும் எழுந்தது. குழந்தை மருத்துவரிடமே வளர்ந்த பிள்ளை, பெரியவரானதும் யாரிடம் செல்வது? அந்த மாற்றத்தை எப்போது, எவ்வாறு செய்வது? இவ்விதழின் பாடம் அது பற்றியதே.

ஹீமோஃபிலியாவை மையமாகக் கொண்டு இதனை எழுதினாலும், தலசீமியா, தசைச் சிதைவு நோய் முதலிய பிற மரபுவழி நோய்கள் உள்ள குடும்பங்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக

இரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்பட வேண்டும். அவற்றுள் எட்டாம் காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ; ஒன்பதாம் காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா பி. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு ஏ வகை காணப்படுகிறது. பி வகை அதனினும் அரிது. இரத்தத்தில் உள்ள காரணியின் அளவு இயல்பில் 1 விழுக்காட்டிற்கும் குறைவாயின் நோய் கடுமையானது. 1 முதல் 5 வரை மிதமானது. 5 முதல் 40 வரை இலேசானது. கடுமையான நோய் உள்ளோர்க்கு அடிபடாமலேயே முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளுக்குள் இரத்தம் கசியும். ஒரே மூட்டில் மீண்டும் மீண்டும் கசிந்தால் குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, மூட்டு மடங்காமலும் நீளாமலும் போகும்.

மாறிச் செல்லும் காலம் ஏன் ஆபத்தானது?

குழந்தைகள் பிரிவில் எல்லாப் பொறுப்பையும் தாய் தந்தையரே சுமக்கின்றனர். ஊசி போட வேண்டிய நாளைத் தாய் நினைவில் வைத்திருப்பார். வலி எங்கே என்று மருத்துவர் கேட்டால் விடை தாயிடமிருந்தே வரும். கோப்பைச் சுமந்து வருவதும் அவரே. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் சட்டப்படி அவர் பெரியவராகிறார். சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட வேண்டியவர் இனி அவரே. ஆனால் பதினெட்டு ஆண்டுகள் பிறர் சுமந்த பொறுப்பு ஒரே நாளில் கைமாறிவிடாது.

சில மருத்துவமனைகளில் 12 வயது முடிந்ததுமே பிள்ளையைப் பெரியோர் பிரிவுக்கு அனுப்புகின்றனர். சிலவற்றில் 18 வயது வரை குழந்தைகள் பிரிவிலேயே பார்க்கின்றனர். எவ்வயதில் நிகழ்ந்தாலும், முன்னேற்பாடு இல்லாவிடில் இடையில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. பழைய மருத்துவர் ‘அவர் இனி அங்கே செல்வார்’ என்று எண்ணுவார். புதிய மருத்துவருக்கோ அப்படி ஒருவர் வரவிருப்பதே தெரியாது. இளைஞரோ, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எண்ணி எங்கும் செல்லாமல் இருந்துவிடுவார். கசிவைத் தடுக்க வாரந்தோறும் போட்டுவந்த ஊசி நின்றுபோகும். ஓராண்டோ ஈராண்டோ கழித்து, வீங்கிய முழங்காலுடன் அவசரப் பிரிவுக்கு வருவார். பதினைந்து ஆண்டுகள் பெற்றோர் கண்ணுங்கருத்துமாகக் காத்த மூட்டு, அந்த ஈராண்டில் பாழாகிவிடலாம்.

எனவே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். இடமாற்றம் என்பது ஒருநாள் நிகழ்வு. கோப்பு ஒரு பிரிவிலிருந்து மறுபிரிவுக்குச் செல்வது. ஆயத்தம் என்பது பல ஆண்டுப் பயிற்சி. ஆயத்தம் நிறைந்த பின்னரே இடமாற்றம் நிகழ வேண்டும்.

வயதுக்கேற்ற ஆயத்தம்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்: பிள்ளை தன் நோயின் பெயரையும் வகையையும் கடுமையையும் தானே சொல்லப் பழக வேண்டும். ‘எனக்கு இரத்த வியாதி’ என்பது போதாது. ‘எனக்குக் கடுமையான ஹீமோஃபிலியா ஏ’ என்று சொல்லத் தெரிய வேண்டும். மூட்டில் கசிவு தொடங்கும்போது வீக்கத்திற்கு முன்பே ஒருவகைக் கூச்சமும் வெதுவெதுப்பும் இறுக்கமும் தோன்றும். அதனை முதலில் உணர்பவர் பிள்ளையே. திட்டு விழும் என்று அஞ்சி அவர் அதனை மறைக்காதிருக்க வேண்டுமானால், ‘ஏன் ஓடினாய்?’ என்னும் வினாவைப் பெற்றோர் பின்னுக்குத் தள்ள வேண்டும். ‘எங்கே வலிக்கிறது?’ என்பதே முதல் வினாவாக இருக்கட்டும். பல பிள்ளைகள் இந்த வயதை ஒட்டித் தமக்குத் தாமே நரம்பில் ஊசி போட்டுக்கொள்ளவும் செவிலியரிடம் கற்கத் தொடங்கலாம்.

பதினான்கு, பதினைந்து வயதில்: மருத்துவரைக் காணும் நேரத்தில் ஒரு பகுதி பிள்ளை மட்டும் தனியே பேசட்டும், பெற்றோர் வெளியே அமர்ந்திருக்கலாம். இதனை அவமதிப்பு என்று எந்தப் பெற்றோரும் கருத வேண்டியதில்லை. நண்பர்களோடு விளையாடுவது, இருசக்கர வாகனம் ஓட்டுவது, புகை, மது, மனச்சோர்வு ஆகியவை பற்றிப் பெற்றோர் முன் வாய் திறக்காத பிள்ளை, தனியே இருக்கையில் பேசுவார். ஊசி போட்ட நாள், மருந்தின் அளவு, கசிவு நேர்ந்த மூட்டு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பையும் இவ்வயதில் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம்.

பதினாறு, பதினேழு வயதில்: எந்தப் படிப்பு, எந்த வேலை என்னும் பேச்சில் மருத்துவக் குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியோர் பிரிவின் மருத்துவரை, குழந்தை மருத்துவரும் உடனிருக்க ஒருமுறையேனும் சந்திக்க வேண்டும். புதிய இடத்தில் பதிவுச்சீட்டு பெறும் இடம், மருந்து வழங்கும் இடம், இரவு நேர அவசரப் பிரிவு ஆகியவற்றை நேரில் பார்த்து வைப்பது நன்று.

பதினெட்டு வயதில்: உடல் நலமாக இருக்கும் காலத்தில் இடமாற்றம் நிகழட்டும். கசிவு நடந்துகொண்டிருக்கும்போதோ, அறுவைச் சிகிச்சை நெருங்கும்போதோ, பொதுத்தேர்வு வேளையிலோ மாற்றுவது தகாது. மாறிச் சென்ற பின்னும் ஓராண்டு வரை, புதிய பிரிவுக்கு ஒழுங்காகச் செல்கின்றாரா என்று பழைய குழு விசாரிப்பது நல்ல வழக்கம். விசாரிப்பு வராவிடில், பெற்றோரே தொலைபேசியில் தெரிவிக்கலாம்.

உடன் எடுத்துச் செல்ல வேண்டிய சுருக்கம்

இருபது ஆண்டுக் கோப்பைப் புதிய மருத்துவர் ஒரே அமர்வில் படித்துவிட இயலாது. ஆதலால் இரண்டு பக்கங்களுக்கு மிகாத சுருக்கத்தைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

1. நோயின் வகை, காரணியின் அடிப்படை அளவு, மரபணுச் சோதனை செய்திருப்பின் அதன் முடிவு.
2. இரத்த வகை, தற்போதைய எடை, வழக்கமாகப் போடும் மருந்து, அதன் அளவு.
3. தடைப்பொருள் சோதனையின் கடைசி முடிவும் நாளும். வெளியிலிருந்து ஏற்றும் காரணியை உடல் அந்நியமாகக் கருதி எதிர்ப்பதால் தடைப்பொருள் உண்டாகிறது; மருத்துவர்கள் இதனை ‘இன்ஹிபிட்டர்’ என்பர். கடுமையான ஏ வகையில் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவருக்கு இது தோன்றலாம். தோன்றியவர்களுக்கு வழக்கமான ஃபாக்டர் ஊசி பயனளிக்காது.
4. அடிக்கடி கசியும் மூட்டுகள், அவற்றின் மடக்க அளவு, செய்துவரும் உடற்பயிற்சிகள்.
5. இதுவரை நடந்த அறுவைச் சிகிச்சைகள், தலைக்குள் கசிவு நேர்ந்த வரலாறு, ஒவ்வாமை.
6. ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. சோதனை முடிவுகள், தடுப்பூசி விவரம். பிளாஸ்மாவோ கிரையோவோ ஏற்றிக்கொண்டவர்களுக்கு இது மிகவும் தேவை.

மருந்தின் அளவு குறித்து ஓர் எச்சரிக்கை. எட்டாம் காரணி மருந்தை ஒரு கிலோ எடைக்கு ஓர் அலகு செலுத்தினால், இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 2 விழுக்காடு உயரும். ஒரு கசிவை நிறுத்த 50 விழுக்காடு உயர்த்த வேண்டும் என்று மருத்துவர் கருதினால், 25 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு 625 அலகு போதும். அதே பிள்ளை 60 கிலோ இளைஞரானதும் 1,500 அலகு வேண்டும். பள்ளிக் காலத்துச் சீட்டைக் காட்டி அதே அளவில் ஊசி போட்டுக்கொண்டு, ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று வருந்துவோர் உண்டு. பல வேளைகளில் குறைந்தது மருந்தின் ஆற்றலன்று, அளவுதான். பதின்பருவத்தில் எடை விரைந்து கூடுவதால் ஆறு திங்களுக்கு ஒருமுறை எடை பார்த்து, அளவை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கே உரிய கவலைகள்

குழந்தைகள் பிரிவில் பேசப்படாத சில செய்திகள் பெரியோர் பிரிவில் முதன்மை பெறும். இரத்த அழுத்தம் அவற்றுள் ஒன்று. ஹீமோஃபிலியா உள்ளவர்க்கு உயர் இரத்த அழுத்தம் கட்டுப்பாடின்றி இருந்தால் மூளைக்குள் கசியும் இடர் கூடும். ஆகவே ஒவ்வொரு வருகையிலும் அழுத்தம் பார்க்கப்பட வேண்டும். உடல் எடை கூடினால் முன்பே நலிந்த முழங்காலும் கணுக்காலும் சுமை தாங்கா. பற்களைப் பேணுவதும் அத்தகையதே. பல் பிடுங்க நேர்ந்தால் முன்கூட்டியே இரத்தவியல் மருத்துவரிடம் சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டும்.

வலி மருந்து குறித்தும் இளைஞர் தாமே அறிந்திருக்க வேண்டும். மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் ஆகியவை கசிவை மிகுவிக்கும். மருத்துவர் சொல்லாமல் அவற்றைத் தொடலாகாது. பாராசிட்டமால் பாதுகாப்பானது. இடுப்பிலோ கைத்தசையிலோ போடும் ஊசியைத் தவிர்க்க வேண்டும். இதுவரை ‘வேண்டாம் டாக்டர்’ என்று தடுத்தவர் தாய். இனி அச்சொல் இளைஞரின் வாயிலிருந்தே வர வேண்டும்.

அடிவயிற்றின் ஓரத்திலோ தொடை இடுக்கிலோ வலி தோன்றி, காலை நீட்ட இயலாமல் போனால், அது இடுப்பின் உட்புறத் தசைக்குள் கசிவாக இருக்கலாம். வலப்புறம் வந்தால் குடல்வால் அழற்சி என்று தவறாக எண்ணப்படவும் கூடும். தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், காரணி ஊசி முதலில். ஸ்கேன் அதற்குப் பின்னரே. அறிமுகமில்லாத மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் இளைஞர் சொல்லத்தக்க செய்தியை இங்கே தருகிறோம். எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம்:

‘எனக்குக் கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ளது. எனக்கு எட்டாம் காரணி உடனே தேவை. சோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். தசையில் ஊசி போட வேண்டாம். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் கொடுக்க வேண்டாம். என்னைப் பார்க்கும் இரத்தவியல் மருத்துவரின் தொலைபேசி எண் இது.’

வகையையும் காரணியையும் கடுமையையும் தத்தம் நிலைக்கேற்ப மாற்றி எழுதிக்கொள்க. தடைப்பொருள் உள்ளவர்களும், தோலடியில் போடும் எமிசிசுமாப் மருந்தில் இருப்பவர்களும் அதனைத் தவறாமல் குறிப்பிட வேண்டும். ஏனெனில் அவர்களுக்குரிய அவசரச் சிகிச்சை வேறு.

நம் பகுதியில் வேலை தேடும்போது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பள்ளி முடித்த இளைஞரின் முன் முதலில் திறந்திருக்கும் கதவு, தோல் ஷாப்போ ஷூ கம்பெனியோ ஆகும். தந்தையும் தாயும் அங்கேயே வேலை பார்ப்பார்கள். அவர்கள் சொல்லால் மகனுக்கும் இடம் கிடைக்கும். ஆனால் எல்லாப் பணியும் எல்லார்க்கும் ஏற்றதன்று.

தோல் பதனிடும் இடத்தில் ஈரத் தோல்கள் மிகுந்த எடையுடையவை, தரை வழுக்கும், சதை நீக்கும் கத்திகளும் சுழலும் பொறிகளும் உண்டு. காலணித் தொழிற்சாலையில் அச்சு வெட்டும் பொறியும், அட்டைமேல் தோலை இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் பிரிவும் கைகளுக்கு இடர் தருபவை. முழுநாளும் நின்றே செய்யும் வேலை கணுக்கால் மூட்டுக்கு ஆகாது. தர ஆய்வு, கணக்கு, இருப்புப் பதிவு, கணினி வடிவமைப்பு, பொதி எழுத்து ஆகிய பணிகள் அதே வளாகத்தில் உள்ளன. பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு வேலைக்கு அனுப்பாமல், ஒரு பட்டயப் படிப்போ பட்டப் படிப்போ முடிக்கச் செய்தால் அத்தகைய இருக்கைப் பணிகளுக்கு வழி திறக்கும். ஹீமோஃபிலியா உள்ள மகனுக்குப் படிப்பு என்பது மருத்துவச் செலவைப் போன்றே இன்றியமையாதது என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

வேலை பறிபோகும் என்று அஞ்சி நோயை முற்றிலும் மறைப்போர் பலர். எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கம்பெனியின் முதலுதவிப் பொறுப்பாளரோ நம்பிக்கைக்குரிய ஒரு தோழரோ அறிந்திருக்க வேண்டும். அடிபட்ட நொடியில் இளைஞருக்காகப் பேச ஒருவர் தேவை.

சலுகைகளும் சான்றுகளும்

வயது மாறும்போது காப்புறுதியும் மாறும். இதனைப் பல குடும்பங்கள் கவனிப்பதில்லை. தந்தையோ தாயோ ஈ.எஸ்.ஐ. உறுப்பினராயின், மகன் சிறுவராக இருக்கும்வரை அக்காப்பு அவருக்கும் உண்டு. 18 வயதிற்குப் பின், பெற்றோரின் வருவாயையே முழுதும் சார்ந்து படித்துக்கொண்டிருந்தால் 21 வயது வரை நீளும். உடல் நலிவால் முழுதும் பெற்றோரைச் சார்ந்திருப்பவர்க்கு, அந்நலிவு நீடிக்கும்வரை காப்பு தொடர வழி உண்டு. இதற்கான மருத்துவச் சான்றை 18ஆம் பிறந்தநாளுக்கு முன்பே தயார் செய்யுங்கள். இளைஞரே வேலைக்குச் சென்று திங்களுக்கு ரூ.21,000 வரை ஊதியம் பெற்றால், தம் பெயரிலேயே ஈ.எஸ்.ஐ. பெறுவார், மாற்றுத்திறனாளியாயின் அவ்வரம்பு ரூ.25,000.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் மூன்றும் அதில் உள்ளன. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ எனச் சான்று பெற்றவர்க்கு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத ஒதுக்கீடு உண்டு. அரசு வேலைக்கான 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் ஹீமோஃபிலியா தனியே இடம்பெறவில்லை. ஆனால் மூட்டு நலிந்து நடையோ கையியக்கமோ குறைந்திருந்தால், அதனை இயக்கக் குறைபாடாகத் தனியே மதிப்பிடுமாறு மருத்துவக் குழுவிடம் கேளுங்கள். சான்றில் அச்சொல் இருப்பதும் இல்லாததும் ஒரு வாழ்க்கையின் போக்கையே மாற்றலாம்.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், ஆம்பூர், வாணியம்பாடி மக்கள் திருப்பத்தூர் மாவட்டத்திலும், மேல்விஷாரம், வாலாஜா மக்கள் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வழியாக உறைகாரணி கட்டணமின்றி வழங்கப்படுகிறது. தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோரும் அடுக்கம்பாறையில் உள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நேரில் அணுகி, பதிவு செய்யும் முறையையும் மருந்து இருப்பையும் கேட்டறிந்து வைத்தல் நன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் மகனின் பெயர் தொடர்ந்து இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மணமாகித் தனிக் குடும்ப அட்டை பெறும்போது இதனைப் புதுப்பிக்க வேண்டும்.

வீட்டில் வைக்கும் ஃபாக்டர் மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், உறைய விடலாகாது. நம் ஊரில் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதால், பயணத்தில் பனிக்கட்டிப் பெட்டி இன்றி எடுத்துச் செல்லாதீர்கள்.

மணம் பேசும் முன்

இப்பகுதி படிப்போர் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆயினும் தவிர்க்க இயலாதது.

ஹீமோஃபிலியாவின் மரபணு, எக்ஸ் நிறமியில் உள்ளது. ஆண்மகன் தந்தையிடமிருந்து ஒய் நிறமியையும் தாயிடமிருந்து எக்ஸ் நிறமியையும் பெறுகிறார். எனவே நோயுள்ள ஆணின் மகன்களுக்கு அவரிடமிருந்து நோய் வராது. அவருடைய மகள்கள் அனைவரும் கடத்திகளாவர். கடத்தியான பெண்ணுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஒவ்வொரு மகளும் கடத்தியாகும் வாய்ப்பும் இரண்டில் ஒன்று. குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் புதிய மரபணு மாற்றத்தால் தோன்றும் நோயும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உண்டு. ஆகவே தாயைக் குறைகூற இடமே இல்லை. எவரும் தாம் விரும்பி ஒரு மரபணுவைக் கொடுப்பதில்லை.

உறவுக்குள் மணம் நம் பகுதியில் வழக்கம். ஹீமோஃபிலியாவைப் பொறுத்தவரை எல்லா உறவு மணமும் ஒரே அளவு இடருடையதன்று. நோயற்ற தாய்மாமனிடம் அந்த மரபணு இல்லை. எனவே அவர் மகளுக்கும் அவர்வழி அது வராது. ஆனால் தாய் கடத்தியாயின், அக்காளும் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அக்காள் மகளுக்கு நான்கில் ஒன்று. பாட்டியும் கடத்தியாயின் தாயின் உடன்பிறந்த சகோதரிக்கும் அவர் மகளுக்கும் இதே கணக்கு. நோயுள்ள ஆண் ஒரு கடத்திப் பெண்ணை மணந்தால், பிறக்கும் பெண் குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்றாகிவிடும். இது ஹீமோஃபிலியாவுக்கு மட்டுமான கணக்கு. தலசீமியா போன்ற நோய்களில் இரு பக்கமும் மரபணு வர வேண்டும் என்பதால், நெருங்கிய உறவு மணம் எதுவாயினும் இடரைக் கூட்டும்.

சகோதரிகளை மறந்துவிடலாகாது. மகனின் நோயைக் கவனிப்பதில், அவன் தங்கை கடத்தியா என்று பார்க்கப் பலருக்கும் தோன்றுவதில்லை. கடத்திகள் சிலருக்குக் காரணியின் அளவே குறைந்திருக்கும். மாதவிடாயில் மிகுதியான போக்கும், மகப்பேற்றில் அபாயமான இரத்தப்போக்கும் நேரலாம். மணத்திற்கு முன்பே காரணி அளவும், இயன்றால் மரபணுச் சோதனையும் செய்துகொள்வது அப்பெண்ணின் உயிர்க்காப்பு. கருவுற்ற பின் கருவின் நிலையறியும் சோதனையைப் பதிவு பெற்ற மரபியல் மையங்களில் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. முடிவு அத்தம்பதியருடையது, ஆலோசனை தருவது மட்டுமே மருத்துவரின் கடன்.

பெண் வீட்டாரிடம் சொல்வதா, மறைப்பதா என்று பலர் கேட்கின்றனர். மறைத்து நடந்த மணத்தில் முதல் கசிவின்போதே உண்மை வெளிப்படும். அப்போது உடைவது மூட்டு மட்டுமன்று. மரபியல் ஆலோசகர் முன்னிலையில் இரு வீட்டாரும் அமர்ந்து பேசிய மணங்கள் நிலைத்திருக்கின்றன.

புதிய சிகிச்சைகளின் வாயில்

பெரியோர் பிரிவுக்குச் செல்வதை இழப்பாக மட்டும் எண்ண வேண்டாம். புதிய சிகிச்சைகளின் ஆய்வுகள் பல, முதலில் வயது வந்தோரிடமே நடைபெறுகின்றன. நம் வேலூரிலேயே அதற்குச் சான்று உண்டு. கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து ஆண்களுக்கு மரபணுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அவர்களுடைய இரத்தக் குருத்தணுக்களை எடுத்து, எட்டாம் காரணியை உருவாக்கும் மரபணுவை அவற்றில் சேர்த்து, மீண்டும் உடலில் செலுத்தினர். 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவுகள் வெளியாயின. சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் கசிவு நேரவில்லை. ஆயினும் இச்சிகிச்சைக்கு முன் எலும்பு மஜ்ஜையைத் தயார்ப்படுத்தக் கடும் மருந்துகள் தரப்பட வேண்டும். இது இன்னும் ஆய்வுநிலையில் உள்ளது. எல்லார்க்கும் உரிய வழக்கமான சிகிச்சை அன்று. இத்தகைய வாய்ப்பு நாளை பரவலாகும்போது, தொடர்ந்து மருத்துவரைக் கண்டு, கல்லீரலையும் மூட்டுகளையும் நலமாக வைத்திருப்பவர்க்கே அது எளிதில் எட்டும். இன்று விட்டுப்போகும் ஒவ்வொரு வருகையும் அந்த நாளைத் தள்ளிவைக்கும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

பிள்ளை தன் பொறுப்பைத் தானே ஏற்கும்போது, பெற்றோரின் பணி முடிந்துவிடுவதில்லை, வடிவம் மாறுகிறது. இதுவரை செய்து கொடுத்தீர்கள். இனி உடன் நிற்பீர்கள். அவர் ஒருநாள் ஊசி போட மறப்பார். ஒருநாள் மருத்துவரிடம் செல்ல மறுப்பார். அவற்றைக் கண்டு மீண்டும் எல்லாவற்றையும் உங்கள் கையில் எடுத்துக்கொண்டால் ஆயத்தம் தொடக்கத்திற்கே திரும்பும். நடக்கப் பழகிய நாளில் விழுந்த குழந்தையை எழுப்பி, மீண்டும் நடக்கவிட்டது போலவே இதுவும்.

தன்னைத் தானே சோதிக்க

இளைஞர்களே, கீழ்க்கண்ட வினாக்களுக்குப் பெற்றோரின் துணையின்றி விடையளிக்க முயலுங்கள்.

1. என் நோயின் பெயர், வகை, காரணி அளவு என்ன?
2. இன்று என் எடை எவ்வளவு? அதற்குரிய மருந்தளவு எவ்வளவு?
3. தடைப்பொருள் சோதனை கடைசியாக எப்போது செய்தேன்? முடிவு என்ன?
4. தலையில் அடிபட்டால் முதலில் செய்ய வேண்டியது யாது?
5. நான் தவிர்க்க வேண்டிய மூன்று வலி மருந்துகள் எவை?
6. நள்ளிரவில் கசிவு தொடங்கினால் எங்கே செல்வேன்? யாரை அழைப்பேன்?
7. என் காப்பீடு எப்போது முடிகிறது? அடுத்து என்ன செய்ய வேண்டும்?
8. என் சகோதரி சோதனை செய்துகொண்டாரா?

ஐந்துக்கும் குறைவாக விடை தெரிந்தால் வருந்த வேண்டாம். தெரியாதவற்றை ஒரு தாளில் எழுதி, அடுத்த வருகையில் நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியை உங்கள் வாயால் கேட்பதிலிருந்தே மாற்றம் தொடங்குகிறது.